அடுத்த வீட்டுக்காரிக்கு வசனம் இல்லை

"போன வாரம் கூப்பிட்டேன்மா. யாரோ எடுத்தாங்க. உங்க நாவல்ல வர்ற பக்கத்து வீட்டுக்காரிய எடுத்துடணும்னு சொன்னதுமே, நீங்க வீட்ல இல்லைன்னுட்டாங்க." என்றபடி பதிப்பகத்துப் பெண் செருப்பைக் கழற்றினாள்.

"நான் எங்கம்மா போனேன்? நம்பர் மாறியிருக்கும்." கைப்பேசியைக் காட்டினேன். அதில் அவள் கூப்பிட்ட தடயமே இல்லை.

வந்த விஷயத்துக்குத் தாவினாள். நான் இளவயதில் எழுதி, அச்சேறாமலே பரணில் கிடந்த நாவல்.

"இந்தக் காலத்துல யாரும்மா பக்கத்து வீட்ல போய் போன் பேசுறாங்க? கதாநாயகிக்கு ஒரு செல்போன் குடுத்துடுங்க. திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும்."

கொடுத்தேன். நான்கு அத்தியாயம் ஒன்றாகச் சுருங்கியது.

எழுதியதை நானும் கூடவே இருக்கும் நாத்தனாரும் உரக்கப் படித்துப் பார்ப்பது வழக்கம். கணவன், மனைவி இரண்டும் நான். மற்ற எல்லாரும் அவள். அதிலும் அடுத்த வீட்டுக்காரி என்றால் அவளுக்கு உயிர். வெளியூரிலிருந்து கணவன் கூப்பிடும்போதெல்லாம் கூசாமல் பொய் சொல்லி, அந்தக் குடும்பத்தைப் பிரித்து வைக்கிறவள்.

இந்த முறை நான் மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன்.

"என் முறை எப்ப வரும் அண்ணி?"

"வராது. அவன் நேரா பொண்டாட்டிகிட்டயே பேசிடறான்."

"பேசிட்டா அப்புறம் எதுக்குப் பிரியறாங்க?"

"ஏதோ மனஸ்தாபம்."

"ஏதோவா? நல்லாயிருக்கு." கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள். "செல்போன் குடுத்தீங்களே, சார்ஜர் குடுத்தீங்களா?"

பேனாவை எடுத்தேன். சார்ஜர் கெட்டுப்போகிறது. நாயகி போனை அடுத்த வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறாள். மணி அடிக்கிறது.

சனிக்கிழமை வந்த பதிப்பகத்துப் பெண்ணுக்கு அந்த இடத்தை இருவரும் படித்துக் காட்டினோம்.

"அவ வீட்ல இல்லீங்களே!" என்றாள் நாத்தனார், முழுத் தொண்டையில்.

பதிப்பகத்துப் பெண் காதைத் தீட்டிக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கூப்பிட்டது போன்ல பதிவாகியிருக்குமே. அவ வந்து பார்த்தா தெரிஞ்சுடாதா?"

"அழிச்சுட்டா? நம்பர அமுக்கிப் பிடிச்சா குப்பைத்தொட்டிப் படம் வரும். ஒரே தட்டு."

"அப்போ போன வாரம் நான் கூப்பிட்டப்ப எடுத்தது நீங்கதானா?"

"அடுத்த வீட்டுக்காரிய எடுத்துடணும்னு சொன்னா? பின்ன, அண்ணியக் கூப்பிட்டு போனக் குடுப்பாங்களாக்கும்!"

குப்பைத்தொட்டியையும் அத்தியாயத்தில் சேர்த்தேன். திங்கட்கிழமை நாவல் அச்சுக்குப் போனது, அடுத்த வீட்டுக்காரியோடு.

அன்றே என் கைப்பேசிக்கு ரகசிய எண் போட்டுக்கொண்டேன்.