ஆறாம் லயம், நாலாம் காம்பரா

தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பூரணி அந்தக் கடிதத்தை மகள் முன்னால் போட்டாள்.

"இந்தா, கவர்மெண்டு கடுதாசியாம். கிளாக்கரய்யா இப்பதான் குடுத்தாரு."

உறை ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது. தனுஜா வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"அம்மா, பன்னெண்டாந் தேதி நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கி பத்தொம்பது."

"போகாட்டி?"

"கம்பஸ்ல பேர வெட்டிருவாங்களாம்."

தள்ளிப்போட்ட தேர்தலை வை என்று தனுஜாவோடு ஊர்வலம் போன மாணவர்களைக் கம்பஸிலிருந்து நிறுத்திவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று அரசாங்கம் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது. அடித்தால் வெளிநாட்டுக்காரன் பார்ப்பான். விட்டால் மற்றப் பிள்ளைகளும் கிளம்பும். கடைசியில் பெருந்தன்மை பிறந்தது: பெற்றோரோடு விசாரணைக்கு வந்தால் மீண்டும் படிக்கலாம். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது! ஆனால் அந்த மனசு தபாலில் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. யாருக்கு எது வந்தாலும் தோட்ட ஆபிசுக்குத்தான். அரசாங்கக் கடிதமென்றால் தோட்டத்தை நடத்தும் துரை பிரித்துப் பார்த்த பிறகே ஆளுக்குக் கிடைக்கும். துரை பத்து நாள் லீவில் இருந்தார்.

இந்த மூன்று மாதமும் பொலிசுக்குப் பயந்து தனுஜாவோடு லயத்தில் யாரும் பேசவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனால் பீலிக்கரை காலியாகிவிடும். பொலிஸ் போனைக் கொண்டுபோன பிறகு கூட்டாளிகளின் குரலும் இல்லை. எல்லாரும் தன்னை மறந்துவிட்டார்கள் என்றே நினைத்து, அம்மா மலையிலிருந்து இறங்கும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பாவம், கடைசிப் பத்து நாளும் கடிதம் அரை மைல் தூரத்தில் ஆபிஸ் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

"கூப்பிட்டுத்தாம்மா இருக்காங்க. நாந்தான் போகாம இருந்திருக்கேன்," என்று விம்மினாள்.

பூரணி கொப்பியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "கடுதாசி பிந்தித்தான் கெடச்சிச்சின்னு எழுது. நாளைக்கி நான் பெரட்டுக்கும் போகல, வேலைக்கும் போகல. டயகம டவுனுல நானே போய்ப் போடுறேன்."

தனுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில், மேல் மூலையில் 'தோட்ட ஆபிஸ்' என்று விலாசத்தைத் தொடங்கினாள்.

"அத வெட்டு. ஆறாம் லயம், நாலாம் காம்பரான்னு போடு."

"அப்பிடி ஒரு அட்ரஸே இல்லையேம்மா. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏன் தெரியாது? ஒன் போனைப் புடுங்க ஜீப்புல வந்தாங்களே, யார்கிட்டயாச்சும் வழி கேட்டாங்களா? நேரா இந்தக் காம்பரா வாசல்லதானே வந்து நின்னாங்க. ஜீப்பு வந்த வீடுன்னு எழுது."

தனுஜா அதையும் எழுதினாள்.