ரேஷன் குறைந்த வருஷம்

காரிமங்கலம் சந்தையில் உசேனிடம் துணி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்காரப் பெண்கள்தான். மனைவி குல்ஷன் தைத்துக் கொடுக்கும் பாவாடை சட்டைகளைத் தார்ப்பாயில் பரப்பினால், பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசி தீர்ந்துவிடும். ரேஷனில் அரிசியும் பாமாயிலும் மலிவாகக் கிடைத்ததால் கூலியில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது பிள்ளைகள் உடம்பில் துணியாக ஏறும்.

எண்பதுகளின் நடுவில் மழை பொய்த்த வருஷம் அது. சர்க்கார் கஜானாவில் பணமில்லை என்று ரேஷன் அரிசியைப் பாதியாக்கினார்கள். பாமாயில் அடியோடு நின்றது. அதே சமயத்தில், பின்தங்கிய ஜில்லாவில் தொழில் வளரட்டும் என்று ஆலைக்காரர்களுக்கு விற்பனை வரியைத் தள்ளுபடி செய்தார்கள். எண்ணெய் மில் பச்சியப்பன் அன்றைக்கு டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

"இன்னொரு மெஷினு போடறன். நம்மூரு ஆளுங்களுக்குத்தான் வேல."

உசேனும் நம்பினார். நாலு பேருக்குக் கூலி கிடைத்தால் நாலு பாவாடை விற்குமே.

மெஷின் வரவில்லை. ஆட்டி வைத்த எண்ணெயையே வாங்க ஆளில்லாதபோது புது மெஷின் எதற்கு? வரியில் மிச்சமானதைப் போட்டுப் பச்சியப்பன் தன் வீட்டுக்கு மாடி எடுத்தார்.

சந்தையில் பெண்கள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ராகிக் கடைப்பக்கம் நகர்ந்தார்கள். வாராவாரம் மகள் செல்லியோடு வரும் சின்னக்கா ஒருநாள் தனியாக வந்தாள்.

"புள்ளைக்கி எடுத்துக்கம்மா. காசு மெதுவா குடு," என்றார் உசேன்.

"வேணாங்க பாய். வயித்துக்கே பத்தல."

செல்லி எங்கே என்று கேட்பதற்குள் போய்விட்டாள்.

குல்ஷனின் தையல் மெஷின் சும்மா கிடக்க ஆரம்பித்ததும், மில்லில் ஏதாவது வேலை கேட்கலாமென்று உசேன் பச்சியப்பன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவள் செல்லி. கையெல்லாம் சாம்பல்.

"இங்க என்ன கண்ணு பண்ற?"

"பாத்திரம் தேய்க்கறங்க பாய். இங்கியே தங்கிக்கறன்."

"பள்ளிக்கூடம்?"

"அங்க மத்தியானம் மட்டுந்தான் சோறு. இங்க ராத்திரிக்கும் போடறாங்க."

பச்சியப்பன் வந்து மரியாதையாகத்தான் பேசினார். "யாவாரம் படுத்துப்போச்சு பாய். இருக்கறவனையே பாதி நாளு வூட்டுக்கு அனுப்பறன். இந்தப் புள்ளையக்கூட பாவம்னுதான் சேத்துக்கிட்டன்."

அவர் பொய் சொல்லவில்லை. உசேனுக்கு அதுதான் தாங்கவில்லை. வேலை கேட்காமலே திரும்பினார்.

பெங்களூரில் ரெடிமேட் கம்பெனியில் இருந்த மச்சான் வரச் சொல்லி ஆள் அனுப்பினான். மொரப்பூர் ஸ்டேஷன்வரை குல்ஷன் கூட வந்தாள்.

"அந்த செல்லிப் புள்ளைய எப்பவாச்சும் போய்ப் பாத்துட்டு வா," என்றார் ஜன்னல் வழியாக.

"பாத்து என்னங்க செய்யறது?"

ரயில் கிளம்பியது. குல்ஷன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷம் ரம்ஜானுக்கு உசேனுக்கு லீவு கிடைக்கவில்லை.