ரெஜானை அனுப்புவதா

அன்று காலை வெண்டல் மாக்கினனை யாரும் நிம்மதியாக ஒரு காபி வாங்க விடவில்லை. டோனட் கடைக் கல்லாவில் நின்ற டார்லா, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பிடித்துக்கொண்டாள்.

"ரெஜானை தெற்கே தள்ளிவிடப் போறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"ரேடியோவுல சொல்றான். அப்படி ஏதாவது செஞ்சீங்கன்னா, இனிமே பெட்ரோல் பங்க்ல போய் காபி குடிச்சுக்குங்க. இங்க வராதீங்க."

வரிசையில் பின்னால் நின்ற மர ஆலைக்காரர் ஒருவர் சிரித்தார். "அனுப்பட்டும் விடு டார்லா. அந்த ஆள் திரும்பறதுக்குள்ள நான் மரம் ஏத்தின லாரியையே திருப்பிடுவேன்."

"உன்னை யார் கேட்டா?" என்று மூலையிலிருந்து வேறொருவர் எழுந்தார். கடை இரண்டாகப் பிரிந்து சத்தம் போட ஆரம்பித்தது. வெண்டல் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியே வந்து, வண்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பனியை வேண்டிய அளவுக்கு மேல் அழுத்திச் சுரண்டினார்.

பைக் நேரோஸ் என்ற அந்த வட ஒன்டாரியோ ஊரில் மர ஆலையும் ஐஸ் ஹாக்கியும் தவிரப் பேசுவதற்கு வேறொன்றும் கிடையாது. ஊரின் அணிக்கு லூன்ஸ் என்று பெயர். வெண்டல்தான் அதன் மேலாளர். ரெஜான் திபோ அதன் தடுப்பாட்டக்காரன். பத்தொன்பது வயதில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்ததே வெண்டல்தான். ரெஜான் இருந்த காலத்தில் லூன்ஸ் இரண்டு முறை கோப்பை வாங்கியது. அரங்கத்தின் வெளிச்சுவரில் அவன் முகத்தை இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார்கள்.

இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு. வலது முழங்காலில் இரண்டு முறை அறுவை நடந்தது. பக் என்ற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு எதிரணிப் பையன்கள் வேகமாக வந்தால், அவன் பின்னோக்கிச் சறுக்கி முகம் திரும்புவதற்குள் அவர்கள் கோல்காரருக்கு எதிரே நிற்கிறார்கள். லூன்ஸ் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். தெற்கே, பட்டியலில் முதலிடத்தில் இருந்த லேக்போர்ட் அணிக்கு மட்டும் அனுபவசாலி ஒருவன் தேவைப்பட்டான். ரெஜானைக் கொடுத்தால், பதிலுக்கு இருபத்தோரு வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவனைத் தருவதாகச் சொன்னார்கள். அன்று மாலை மூன்று மணியோடு ஆள் மாற்றும் காலம் முடிகிறது. ரெஜான் சம்மதிக்காமல் அவனை யாரும் எங்கும் அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதையும் எழுதிக் கொடுத்தவர் வெண்டல்தான். ஒரு வருஷம் கோப்பை வாங்கிய சந்தோஷத்தில் கொடுத்தது.

அவர் முதலில் பயிற்சியாளர் மர்ரே டுகனிடம் போனார். டுகன் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அனுப்பிடு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

"நேத்து டிவியில, ரெஜான் இல்லாட்டி இந்த டீமே இல்லைன்னு சொன்னியே?"

"டிவியில வேற என்னத்தைச் சொல்ல முடியும்?"

"அப்ப அவன்கிட்டயாவது நேர்ல சொல்லு. எதுக்கு ஒவ்வொரு ஆட்டத்துலயும் அவனையே அதிக நேரம் இறக்குற?"

"உட்கார வெச்சா முறைக்கிறான், வெண்டல். நான் தினம் அவன் மூஞ்சியில முழிக்கணும். நீ மாடியில இருக்கிற ஆளு."

அணியின் உரிமையாளர் ஆட்ரி ஹால்வர்சன், கணவர் போன பிறகு மர ஆலையையும் அணியையும் சேர்த்து நடத்தும் பெண்மணி. அவர் வெண்டலுக்கு பட்டர் டார்ட் என்ற இனிப்பு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

"முடிவு உன்னோடது, வெண்டல். நான் தலையிட மாட்டேன். ஜனங்க கோவிச்சுக்கக் கூடாது, ரெஜான் மனசு நோகக் கூடாது, டீமும் ஜெயிக்கணும். அவ்வளவுதான்."

"மூணும் சேர்ந்து நடக்காது, ஆட்ரி."

"அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்."

வெண்டல் டார்ட்டைத் தின்றுவிட்டு எழுந்தார்.

ரெஜான் போனை எடுக்கவில்லை. நான்காவது முறை அவன் மனைவி சில்வியைக் கூப்பிட்டார். "ஏரிக்குப் போயிருக்கான். போன் சமையலறை மேடையில கிடக்கு. மறந்துட்டுப் போனான்னு நினைக்காதீங்க" என்றாள் அவள்.

உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போனபோது வெண்டலுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்தை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் பதிலாக அவரே சொல்ல வேண்டும், சொன்னதற்கு அவரையே எல்லோரும் திட்ட வேண்டும்.

ரெஜானின் மரக்குடில் ஏரியின் நடுவே இருந்தது. உள்ளே சின்ன அடுப்பு எரிந்தது. அவன் பனியில் துளைத்த ஓட்டைக்குள் தூண்டிலை விட்டுக்கொண்டு குந்தியிருந்தான். வலது காலை மட்டும் நேராக நீட்டி வைத்திருந்தான்.

"கதவைச் சாத்து, வெண்டல். குளிர் வருது."

"லேக்போர்ட் உன்னைக் கேக்கறாங்க."

"தெரியும்."

"கோப்பை அவங்களுக்குத்தான். உனக்கு மூணாவது. இங்க இருந்து என்ன பண்ணப் போறே? டீமுக்கும் ஒரு இளவட்டம் கிடைச்ச மாதிரி ஆகும்."

"டீமைப் பத்தி நான் கேக்கலையே. என்னைப் பத்திச் சொல்லு."

"உன்னைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"இல்ல. கோப்பை, இளவட்டம், டீமு. சுத்திச் சுத்தி வர்ற." ரெஜான் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டுகன் முதுகுல தட்டிக் கொடுக்கிறான். அந்தம்மா கிறிஸ்துமஸுக்கு கம்பளி அனுப்புது. நீ நேரா சொல்லு. சொல்லிட்டேன்னா போறேன்."

"என்ன சொல்லணும்?"

"நான் முடிஞ்சு போனவன்னு சொல்லு."

வெண்டல் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். மணி இரண்டைத் தாண்டிவிட்டது. இவனுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர். முதல் அறுவைக்கு ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர். சில்வியின் அப்பா செத்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர். பனி, மீன், ரோடு என்று எதையெதையோ பேசிப் பார்த்தார். ரெஜான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் அது வெளியே வந்தபோது கத்தலாக வந்தது.

"உன்னால திரும்ப முடியல, ரெஜான். கிறிஸ்துமஸுக்கு முந்தியே எனக்குத் தெரியும். சின்னப் பசங்க உன்னைச் சுத்திக்கிட்டுப் போறாங்க. உன் பக்கம் அடிக்கச் சொல்லித்தான் எல்லா டீம்லயும் சொல்லிக் கொடுக்கிறாங்க. இந்த டீமுல உன் வேலை முடிஞ்சுபோச்சு. போதுமா?"

ரெஜான் தூண்டிலை மெதுவாகச் சுற்றி மேலே எடுத்தான். வெறும் கொக்கிதான் வந்தது.

"போதும். போறேன். கூப்பிடு அவங்களை."

குடிலுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. வெண்டல் வெளியே ஓடி, பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் ஏறி நின்று லேக்போர்ட் மேலாளரைப் பிடித்தார். காற்று இரைச்சலில் காது கேட்காததால் போனில் ஸ்பீக்கரை அழுத்தினார். அதற்குள் ரெஜானும் நொண்டிக்கொண்டே வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

"சம்மதிச்சுட்டான்" என்றார் வெண்டல்.

"ஐயோ, வெண்டல். காலையிலேர்ந்து உன் போனுக்குத்தான் காத்திருந்தேன். இப்பத்தான் கொஞ்சம் முன்னாடி வேற ஒருத்தனை எடுத்துட்டோம். அவன் கொஞ்சம் வேகமானவன். உன் ஆளு தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரெஜான் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெண்டல் வேறு இரண்டு அணிகளைக் கூப்பிட்டார். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு அவர் அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். லேக்போர்ட் எவ்வளவு கெஞ்சியும் வெண்டல் ரெஜானை விட்டுக்கொடுக்கவில்லை என்று ரேடியோக்காரன் சொல்லியிருந்தான். டுகன் வந்து கையைக் குலுக்கினார். வெண்டல் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். யாருக்கும் கேட்கிற மனநிலை இல்லை.

அன்று முதல் ரெஜான் அவரோடு பேசவில்லை. நடைவழியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனான். மார்ச்சில் ஒரு நாள் நடுக்கோட்டிலிருந்து அவன் அடித்த பக் யார் மேலோ பட்டு உள்ளே போனது. ஊர் ஒரு வாரம் அதையே பேசியது. அதே ஆட்டத்தில் அவனைத் தாண்டிப் போய் எதிரணி போட்ட கோல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லூன்ஸ் கடைசி இடத்துக்கு இறங்கிப் பருவத்தை முடித்தது.

ஏப்ரலில் ஆட்ரி கூப்பிட்டனுப்பினார். "ரெஜானுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்துட்டேன். நேத்து வீட்டுக்கே போய்ப் பேசிட்டு வந்தேன். நீ மத்தியானம் கையெழுத்து வாங்கிக்கோ."

"நீங்க தலையிட மாட்டேன்னு சொன்னீங்க."

"தலையிடலையே. அடுத்த வருஷ டிக்கெட்டெல்லாம் இப்பவே வித்துப் போச்சு. நீ எடுத்த முடிவு அவ்வளவு சரியா இருந்தது."

மத்தியானம் ரெஜான் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"நீ அன்னிக்குச் சொன்னது சரி."

வெண்டல் நிமிர்ந்து பார்த்தார். "சரின்னா அந்தம்மாகிட்ட வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வீடு தேடி வந்து கொடுக்கிறாங்க. நான் ஏன் வேணாம்னு சொல்லணும்? நீயும் சொல்லியிருக்கலாம் இல்ல, என்னை அனுப்பத்தான் பார்த்தேன்னு. ஊரே கைதட்டினப்ப நின்னு வாங்கிக்கிட்டே."

"சொல்ல வாயெடுத்தேன்."

"நானும்தான்" என்றான் ரெஜான். கையெழுத்துப் போட்டான். எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. வெண்டல் கை கொடுக்கப் போனார். "வேண்டாம், விடு" என்று சொல்லிவிட்டு அவன் கதவைத் திறந்துகொண்டு போனான்.

தடுப்பாட்ட வரிசையில் இனி இடமில்லை. காலெப் நூட்சன் என்ற இளைஞன், இரண்டு வருஷமாக அந்த இடத்துக்காகக் காத்திருந்தவன், வரும் பருவத்தில் கீழ்நிலை அணிக்குத்தான் போயாக வேண்டும். அதை அவனிடம் டுகன்தான் சொல்ல வேண்டும். டுகன் மீன் பிடிக்கப் போய்விட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

வெண்டல் போனை எடுத்து காலெப்பின் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே அவன் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மிஸ்டர் மாக்கினன்" என்றான் பையன், நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு.