அரக்கு வைத்த குமிழ்

1943 ஆகஸ்டு 6, வெள்ளி

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பூங்கா ரேடியோவைத் துடைக்கும்போது குமிழின் மேலிருந்த அரக்கு முத்திரையை உடைத்துவிட்டேன். துணியின் நூல் அரக்கின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. நிதானமாக விடுவித்திருக்கலாம், இழுத்தேன். பாதி அரக்கு துணியோடு வந்துவிட்டது.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதவேண்டும் என்று காலை வகுப்பு வாத்தியார் சொல்லியிருக்கிறார். முடிவை முதலில் எழுதிவிட்டேன். ஆகவே ரேடியோ நிலையத்தைப் பற்றி இனிமேல்தான் எழுதவேண்டும்.

நிலையம் என்று பெயரே தவிர, அது ஒரே ஓர் அறை. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் சிப்பி எண்ணுவதற்குக் கட்டிய கொட்டகையின் ஒரு மூலையை நகரசபையார் சுவர் வைத்து அடைத்து அறையாக்கினார்கள். மழை பெய்தால் தரையிலிருந்து இன்றும் சிப்பி நாற்றம் வருகிறது. ரேடியோப் பெட்டியை உப்பு வியாபாரி ஒருவர் இறந்துபோன தன் மகன் நினைவாகக் கொடுத்தார். அதிலிருந்து கம்பி இழுத்துப் பூங்காவிலும், மார்க்கெட்டிலும், பஸ் நிற்கும் இடத்திலும், கடற்கரையில் வள்ளங்களைக் கரையேற்றும் பக்கமும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள். திருச்சி நிலையம் பேசுவது அவற்றில் கேட்கும். திருச்சி ஓய்கிற இடைவெளியில் நான் மைக்கில் ஊர் அறிவிப்புகளைப் படிப்பேன்: எந்தத் தெருவில் தண்ணீர் வரும், எந்தக் கடையில் அரிசி போடுவார்கள், யாருடைய குழந்தை காணவில்லை. மாதா கோயில் மணி அடித்தால் சத்தத்தைக் குறைக்கவேண்டும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னாலும் அப்படியே. இதற்கு எழுத்தில் உத்தரவு கிடையாது. நான் வேலைக்கு வருமுன்பே அப்படித்தான் நடந்துவந்தது.

உடைந்த முத்திரை சிற்றலைக்கு மாற்றும் குமிழின் மேல் இருந்தது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு, எதிரி நாட்டு ஒலிபரப்பைப் பொது இடத்தில் கேட்பது குற்றம் என்று உத்தரவு வந்தது. நகரசபையார் குமிழின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். அன்றிலிருந்து எங்கள் பெட்டிக்குத் திருச்சியைத் தவிர வேறு ஊர் தெரியாது.

நேற்றோடு பனிமய மாதா திருவிழா முடிந்துவிட்டது. அத்தனை ஜனம் கிளப்பிய புழுதி பெட்டியின் மேல் விரலால் எழுதலாம் போலப் படிந்திருந்தது. அதைத்தான் துடைத்தேன். பூங்காவில் இன்று ஆளே இல்லை. வழக்கமாக என் ஜன்னலில் வந்து நிற்கும் செல்லக்கனி அக்காவும் வரவில்லை. வராதது நல்லதாயிற்று. வந்திருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.


ஆகஸ்டு 7, சனி

காலையில் நகரசபைக்குப் போய், மேஸ்திரி மாடக்கண்ணு அண்ணாச்சியிடம் முத்திரை உடைந்ததைச் சொன்னேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் அமைத்துக்கொண்டு போனேன். பாதியில் வாய் குழறியது. அவர் வெற்றிலை மென்றபடி கேட்டார்.

"ஏலே, அரக்குதான ஒடஞ்சிருக்கு, பெட்டி ஒடையலியே?"

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்கு மொகத்த இப்படி வச்சிருக்க? திங்கக்கிழமை வந்து வச்சுத் தாரேன். அதுவரைக்கும் அதுல கை வைக்காத. நீ வைக்க மாட்ட, எனக்குத் தெரியும். ஒனக்கு ஏது அந்தத் துணிச்சல்?"

பக்கத்தில் இருந்த குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

டீக்கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த துறைமுகக் கூலிகள் இருவர், ரேடியோவில் அறிவிப்புச் சொல்கிறவனுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம் என்று பேசிக்கொண்டார்கள். திருவிழாவில் கண்ட சர்பத்தைக் குடித்திருப்பான் என்றார் ஒருவர். கிழவனாக இருந்தால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் என்றார் மற்றவர். எனக்கு இருபத்தொரு வயது. ஜலதோஷம் உண்மைதான். வாய் திறந்தால் குரலைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியதால், இன்னொரு டீ வேண்டும் என்பதைக் கையால் காட்டினேன். இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என் குரலைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. என் பெயர் அற்புதமணி என்று தெரிந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

அந்தச் சிலரில் ஒருவர் செல்லக்கனி அக்கா. சரக்குக் கிட்டங்கி ஒன்றில், மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவரை இலை பொறுக்கும் வேலை செய்கிறார். அவருடைய கணவர் பொன்னுதுரை பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்த்தவர். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கடிதம் இல்லை. அங்கே இருக்கும் தமிழர்கள் வீட்டுக்குச் சொல்லும் சேதிகளை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் பினாங்கு ரேடியோ ஊர் ஊராகப் படிக்கிறது என்று கிட்டங்கியில் பேச்சு. சொந்தமாகப் பெட்டி வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் வீட்டில் அக்கா போய்க் கேட்டிருக்கிறார். அந்த வியாபாரி பயந்துபோய், தான் எதையும் கேட்பதில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்.

அதன் பிறகு அக்கா வேலை முடிந்து போகும்போதெல்லாம் என் அறை ஜன்னலில் நிற்பார். "தம்பி, அந்தப் பக்கம் திருப்ப முடியாதா?" என்பார். "அரக்கு வச்சிருக்கு அக்கா" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து திருச்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மாதக்கணக்காக எங்கள் பேச்சு இவ்வளவுதான். அதற்குள்ளேயே ஒரு சௌகரியம் இருந்தது. முடியாது என்று சொன்னது நான் அல்ல, அரக்கு.

இன்று வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம், நின்ற இடத்திலிருந்து அவருக்குக் குமிழ் தெரியாது. என் கண் பெட்டியின் பக்கம் போனதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஒடஞ்சிருக்கு, என்ன?" என்றார்.

திங்கட்கிழமை மறுபடி வைத்துவிடுவார்கள் என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாளைக்கு ஞாயிறு என்று நானே எடுத்துக்கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. அவர் கெஞ்சவில்லை. நாளைக்கு நாலு மணிக்கு வருகிறேன், கதவு சாத்தியிருந்தால் திரும்பிப் போய்விடுவேன், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.


ஆகஸ்டு 8, ஞாயிறு

காலையில் கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. அறிவிப்பு படிக்கிறவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டு ஜெயிலுக்குப் போனால் சொந்த ஊரான நாசரேத்தில் அப்பா முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாடக்கண்ணு அண்ணாச்சி சொன்னதையும் யோசித்தேன். துணிச்சல் இல்லை என்று சிரித்ததுகூடப் பெரிதில்லை. கை வைக்க மாட்டேன் என்று நம்பிவிட்டாரே, அதுதான் உறுத்தியது.

மூன்றரை மணிக்கே அறைக்குப் போய்விட்டேன். குழாய்களுக்குப் போகும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றினேனா என்று இரண்டு முறை பார்த்தேன். பிறகு கதவைச் சாத்தினேன், தாழ் போடவில்லை. அக்கா வந்து கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தால் திரும்பிவிடுவார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் ஒரு சாண் திறந்துவைத்தேன்.

அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைக் காட்டினேன், வேண்டாம் என்றார். குமிழைத் திருப்பினேன். இத்தனை நாள் திரும்பாமல் இறுகிப்போயிருந்தது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஏதோ பாஷையில் பாட்டு. அலை காட்டும் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். சட்டென்று தமிழ்.

ஓர் ஆண் குரல். அறிவிப்பு படிக்கிற குரல். என் வேலை செய்கிறவன் குரல். சண்டைச் செய்திகளைப் படித்தது. அதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. இங்கே எழுதவும் போவதில்லை. அதன் பிறகு சேதிகள் வந்தன. முதலில் ஊர், அடுத்துப் பெயர், பிறகு சொல்லவேண்டிய இரண்டு வரி. காரைக்குடி, நாகப்பட்டினம், அறந்தாங்கி. அக்கா ஒவ்வொரு ஊருக்கும் மூச்சைப் பிடித்து, பிறகு விட்டார். நடுவில் இரைச்சல் ஏறியது. குரல் தண்ணீருக்குள் போவதுபோல் போய்விட்டது. முள்ளை எங்கே நகர்த்தினாலும் வரவில்லை. எத்தனை பேருடைய சேதி அதில் போயிற்றோ. குரல் திரும்பி வந்தபோது இதைச் சொன்னது:

"காயல்பட்டினம், பெரிய தெரு, உம்மா சம்சுன்னிசாவுக்கு மகன் மக்தூம் சொல்வது. நான் சுகம். கால் ஆறிவிட்டது. தங்கை ஜமீலா நிக்காஹை எனக்காக நிறுத்தி வைக்க வேண்டாம்."

பிறகு நேயர்களுக்கு வணக்கம் சொன்னது. பாட்டு வந்தது. குமிழைத் திருச்சிக்குத் திருப்பிவிட்டேன்.

இரைச்சலில் போனவற்றில் அவருடையதும் இருந்திருக்கலாம் என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அது ஆறுதல் இல்லை என்று புரிந்தது.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எரைச்சல்ல போனது யாரு யாருக்கோ. அதை நம்மளுதுன்னு எடுத்துக்கிட முடியுமா?" என்றார். பிறகு, "அந்த உம்மாளுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்று கேட்டார்.

காயல்பட்டினத்தில் வேறு யாராவது பெட்டி வைத்திருப்பார்கள், கேட்டிருப்பார்கள் என்றேன்.

"கேட்டவனெல்லாம் கதவச் சாத்திக்கிட்டுத்தான கேப்பான்" என்றார்.

கம்பிகளை மறுபடி மாட்டி வழக்கமான நேரத்துக்கு நிகழ்ச்சியைத் தொடங்கினேன். அறிவிப்பு நேரம் வந்தபோது மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். பஸ் நிற்கும் இடத்துக் குழாய்க்குக் கீழே காயல்பட்டினத்து ஆட்கள் எந்நேரமும் இருப்பார்கள். அந்த மூன்று வாக்கியத்தை நான் படித்தால் முதல் பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் சேதி சேர்ந்துவிடும்; எனக்குப் போலீசும் வந்துவிடும். வடக்கு ராஜா தெருவுக்கு நாளை தண்ணீர் வராது என்று படித்தேன். என் குரல் குழாய்களில் போய்த் திரும்பி ஜன்னல் வழியே கேட்டது. ஊர் முழுவதும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தேன். ஒரே ஒருவருக்குச் சொல்லவேண்டியதை மட்டும் அதில் சொல்ல முடியவில்லை.

நிகழ்ச்சி முடிகிற வரை அக்கா குழாயடியிலேயே இருந்தார். நான் அறையைப் பூட்டிவிட்டு வந்ததும் அக்கா, நாளைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானே காயல்பட்டினம் போகிறேன் என்றார். யார் சொன்னது என்று கேட்டால்? ஒரு கப்பல்காரன் சொன்னான் என்று சொல்லிக்கொள்வாராம். உன் பேரை எடுக்க மாட்டேன், பயப்படாதே என்றார்.

அது சரியாக இருக்காது என்றேன். கப்பல்காரன் சொன்னது என்றால் அந்த அம்மாள் அதைப் பாதிதான் நம்புவார். மகன் வருகிறவரை கல்யாணத்தை நிறுத்திவைத்துக் காத்துக்கொண்டிருப்பார். அவன் சொன்னதே காத்திருக்க வேண்டாம் என்றுதான். நானும் வருகிறேன், கேட்டது நான் என்று சொல்கிறேன் என்றேன். என் வாயா அதைச் சொன்னது என்று இப்போது எழுதும்போதுகூட ஆச்சரியமாக இருக்கிறது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வந்து என்ன செய்வ? அந்த வீட்டுப் பொம்பளைய ஒன் முன்னால வரவா செய்வாவ? பொம்பளைய நடமாடுத முடுக்குச் சந்து வழியா நாந்தான் உள்ள போணும். நீ வெளிய நின்னு ஆம்பளையளுக்குச் சொல்லு. உள்ள சொல்லுததுக்கு எனக்கு அந்தப் பேச்சு அப்படியே வேணும். சொல்லிக் குடு."

பூங்கா வேலியோரம் நின்று சொல்லிக்கொடுத்தேன். அவர் திருப்பிச் சொன்னார். 'கால் ஆறிவிட்டது' என்பதை முதல் தடவை விட்டுவிட்டார். மறுபடி சொல்லச் சொன்னேன். இரண்டாம் தடவை எல்லாம் வந்தது. 'நான் சுகம்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு மேலே சொன்னார்.

அவர் போன பிறகு நான் தங்கும் அறைக்கு நடந்து வந்தேன். இருட்டடிப்பு உத்தரவினால் வழியில் விளக்கே இல்லை.

நாளை: வகுப்புக்கு வர இயலாது என்று வாத்தியாருக்குச் சீட்டு எழுதி வைக்கவேண்டும். முத்திரை வைக்க வரும் மாடக்கண்ணு அண்ணாச்சிக்காக நிலையத்துச் சாவியை டீக்கடையில் கொடுத்துவைக்கவேண்டும். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ் நேரத்துக்குக் கிளம்பாது. என்றாலும் விடிவதற்கு முன்பே போய் இரண்டு இடம் பிடிக்கவேண்டும். காயல்பட்டினத்தில் இறங்கி, பெரிய தெருவில் மக்தூமின் வீட்டைக் கேட்டு, அக்காவை முடுக்கு வழியாக அனுப்பிவிட்டு, நான் முன்வாசலில் நின்று என் பெயரைச் சொல்லவேண்டும்.