வெர்னாவின் மேப்பிள் பாத்தி

விதை முளைக்கவே இரண்டு பனிக்காலம் காத்திருந்து, நிழல் கட்டி, ஈரம் காயாமல் பார்த்து வெர்னா வளர்த்த மலை மேப்பிள் கன்றுகளை, ராய்ஸ் டாட்ரோ ஒரே காலையில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அதுவும் எந்த நாளில்? மே மாதம் ஊரே சாக்குப் பையோடு சாலையோரக் குப்பை பொறுக்கக் கிளம்பும் அந்தச் சனிக்கிழமையில். வீட்டில் ஆளில்லை என்பது திருட்டுப் பயலுக்குத் தெரியாதா என்ன!

மறுவாரமே ஊர் மன்றத்தின் முன்புல்வெளியில் கன்றுகள் நின்றன. 'நட்டவர்: ராய்ஸ்' என்று பலகை வேறு. கிளை நுனியின் பூனைமயிரைத் தடவியதுமே வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இது எல்லாம் என் கன்னுப்பா!"

"இலையே விடல, அதுக்குள்ள உன் கன்னா? பேரு எழுதி வச்சிருக்கியாக்கா?" என்றான் ராய்ஸ். ஊர் சிரித்தது.

திருடியதை ஒழுங்காகவாவது வைத்தானா? காட்டு நிழலில் வளரும் மரத்தைக் கொளுத்தும் வெயிலில் நட்டு வைத்தான், மடையன். ஜூலை முடிவதற்குள் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. வசந்தக் கடைசியில் பனி தாக்கியதுதான் காரணம் என்று கதை விட்டான். அதையும் நம்பி, ஓடைக்கரையில் நாட்டு மரம் நடும் வேலையை ஊர்க்காரர்கள் அவனிடமே கொடுத்தார்கள். வெர்னாவை ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த ஏப்ரலில், பாழடைந்த விடுதியின் வேலியோரம் மண்டிக்கிடந்த ஆசிய மேப்பிள் கன்றுகளைத் தோண்டி, காலியான பாத்தியில் வரிசையாக நட்டாள். முன்னால் 'மலை மேப்பிள்' என்று பலகை அடித்தாள்.

"அண்ணி, அது காட்டையே தின்னுற சனியனாச்சே!" என்று அலறினாள் நாத்தனார் ஓடெட்.

"பூக்கறதுக்கு முன்னாடி புடுங்கிடுவான்."

"யாரு?"

"திருடுறவன்தான். என் கண்ணு முன்னாடி புடுங்குவான், பாரு."

அந்தச் சனிக்கிழமை வந்தது. வெர்னா சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே குப்பை பொறுக்கப் போனாள். திரும்பி வந்தபோது பாத்தியில் குழிகள்தான் இருந்தன. அன்றைக்கு அவள் இரண்டு கிண்ணம் சூப் கூடுதலாகக் குடித்தாள்.

ஜூனில், ஓடைக்கரையில் நட்ட கன்றுகளைப் பார்க்க ஊர் கூடியது. ராய்ஸ் மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டு வந்திருந்தான். வெர்னா குனிந்து ஓர் இலையைப் பறித்து, ஊர்த்தலைவி ப்ளான்ச்சின் கையில் கொடுத்தாள்.

"அடிப்பக்கம் தடவிப் பாரு, ப்ளான்ச். மலை மேப்பிளா இருந்தா பஞ்சாட்டம் மயிர் இருக்கும். இலையோட நடுப் பிரிவு இவ்ளோ நீண்டிருக்காது."

ப்ளான்ச் தடவினாள். மொழுமொழுவென்று இருந்தது.

"ராய்ஸ், இது அந்த விடுதி வேலி மரமில்ல? ஊர்க் காசுல களையையா நட்ட?"

ராய்ஸின் முகம் பீட்ரூட் ஆனது. "என்னைச் சொல்லாதீங்க! அவ பாத்தியில மலை மேப்பிள்னுதானே பலகை போட்டிருந்துச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். ஓடெட் சிரிக்க ஆரம்பித்தாள். அது ஊர் முழுக்கப் பரவியது.

"அப்போ போன வருசத்துக் கன்னும்..." என்று இழுத்தாள் ப்ளான்ச்.

"அதுவும் என்னோடதுதான்" என்றாள் வெர்னா. "முதல்ல இதையெல்லாம் வேரோட புடுங்கு, ராய்ஸ். ஒண்ணு விட்டாலும் விடமாட்டேன்."

பிடுங்கினான். ஊர் நின்று பார்த்தது. பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெர்னா மன்றத்துப் புல்வெளிக்கு நடந்தாள். அவள் கன்றுகள் குச்சியாகக் காய்ந்து நின்றன. ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தாள். எல்லாம் சடக்கென்று ஒடிந்தன. கடைசிக் குச்சியின் அடியில் மட்டும் ஒரு துளிர் இருந்தது. இலையைத் திருப்பித் தடவினாள். பஞ்சு.

மண்ணோடு தோண்டி வாளியில் வைத்தாள். உச்சி வெயில். ஓடெட்டின் குடையை வாங்கி ராய்ஸிடம் நீட்டினாள்.

"புடி. என் வீடு வரைக்கும் இதுமேல வெயில் படக்கூடாது."

"கடைத்தெரு வழியாவாக்கா?"

"பின்ன? சுத்து வழியில போனா யாரு பாப்பா?"

கடைத்தெரு முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து நிற்க, குச்சி உயரக் கன்றுக்குக் குடை பிடித்தபடி, குனிந்து குனிந்து நடந்தான் ராய்ஸ். வெர்னா வேண்டுமென்றே மெதுவாகப் போனாள்.