சுவருக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடுவே

பிஸ்கட் ஆலையில் சரக்கு இறங்கும் கூடத்தின் பொறுப்பாளருக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் பீப்பாய். அவர் வருவதற்கு அரை நிமிடம் முன்பே வயிறு வந்துவிடும். அன்று காலை அந்த வயிறு சுவருக்கும் அட்டைப்பெட்டி அடுக்குக்கும் நடுவில், பல்லிடுக்கில் நார் போல மாட்டிக்கொண்டது.

பிஸ்கட் போடும் பெட்டி தரையில் படக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, எலிப்புழுக்கை கிடக்கிறதா என்று பின்னால் ஓர் ஆள் நடந்துபோய்ப் பார்க்க இடம் வேண்டும். அதற்கென்றே சுவரிலிருந்து தள்ளித் தரையில் மஞ்சள் கோடு; அதைத் தாண்டிப் பெட்டி போகக் கூடாது. ஆனால் மேலாளரோ மலிவாகக் கிடைத்ததென்று, ஊர் மொத்தத்தையும் கட்டி அனுப்பப் போகிறவர் மாதிரி பெட்டிகளை வாங்கிக் குவித்தார். பொறுப்பாளர் மூளையைக் கசக்கிப் பிழிந்து, முந்தின நாள் பழைய கோடு தெரியாமல் சுரண்டிவிட்டு, சுவரை ஒட்டிப் புதிதாக ஒன்று போட்டார். எல்லாம் கோட்டுக்குள் அடங்கிவிட்டது.

இன்றைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் சோதனை. இதில் தவறினால் கூடத்தின் சாவி, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவனுக்குப் போகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவன் வேறு யாருமில்லை, பொறுப்பாளருடைய மனைவியின் தம்பி. பதவி போவதுகூடப் பெரிதில்லை. மச்சினனிடம் கையைக் கட்டிக்கொண்டு லீவு கேட்பதா?

அதனால்தான் அதிகாரி வருமுன் ஒரு பார்வை பார்த்துவிடலாமென்று, மூச்சை உள்ளிழுத்துப் பக்கவாட்டில் நுழைந்தார். நடுவழியில் மூச்சை விட்டதுதான் தப்பு. பின்னால் சில்லென்று சுவர். முன்னால், மூக்கை இடித்துக்கொண்டு, "ஈரம் படாத இடத்தில் வைக்கவும்" என்ற பெட்டி எழுத்து.

"மாப்ள," என்று பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சினனிடம் கிசுகிசுத்தார். "இந்த அடுக்கக் கொஞ்சம் பின்னால இழுடா."

"மாமா? எங்க இருக்கீங்க?"

"சொர்க்கத்துல. இழுடா."

"இழுத்து என் தலை மேலயா வைக்கிறது? கூடம் ரொம்பிக் கிடக்கு. அந்த மேடம் வேற வந்துட்டாங்க."

வந்த அதிகாரி ஊசி மாதிரி ஒல்லி. அவர் வேண்டுமானால் அந்தச் சந்தில் குடை பிடித்துக்கொண்டே போகலாம். ஒவ்வோர் அடுக்காகப் பார்த்தார், அடிப்பலகையைக் குனிந்து முகர்ந்தார், கடைசியில் சுவருக்குப் பக்கத்தில் ஆள் போய்வர இடமிருக்கிறதா என்று மச்சினனைக் கேட்டார். இருக்கிறது என்றான். அப்படியானால் ஒரு நடை போய்வரச் சொன்னார்.

பொறுப்பாளருக்குக் காது மட்டும்தான் மாட்டாமல் இருந்தது. பயல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி அவன் இடுப்பில். ஆனால் அக்கா தோலை உரித்து வெயிலில் காயப்போடுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். இரண்டு பேருக்குமே மூச்சு வரவில்லை.

"உள்ள ஆள் இருக்குங்க மேடம்," என்றான் மச்சினன்.

"அவரு வரட்டும். நான் நிக்கிறேன்."

நின்றார். டார்ச் வெளிச்சம் சந்துக்குள் வந்து பொறுப்பாளரின் கன்னத்தில் உட்கார்ந்தது, ஈ மாதிரி. நகர்ந்து பார்த்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. சுவர் ஈரம் பனியனைத் தாண்டி முதுகெலும்பில் ஏறியது. அவர் முதுகே இப்படி ஊறினால், நாளைக்குச் சுவரில் சாயப்போகும் அட்டை என்ன ஆகும்?

"மேடம், என்னால வர முடியாதுங்க," என்றார். "கோடு இருந்த இடம் இது இல்ல. நான்தான் மாத்திப் போட்டேன்."

அடுக்குகளை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு இழுத்த பிறகுதான் அவர் வெளியே வந்தார், பாதிச் சுண்ணாம்பைச் சட்டையில் சுமந்துகொண்டு. சோதனை தோற்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சாவி கைமாறியது.

சாவியை மச்சினன் இடுப்பில் மாட்டி முடிக்கவில்லை, வாசலில் லாரி ஹாரன் அடித்தது. மேலாளர் வாங்கிய மீதிப் பெட்டிகள். முற்றத்துக்கு இழுத்ததைத் திரும்ப அடுக்கினாலே கூடத்தில் ஓர் எறும்பு புரண்டு படுக்க இடமில்லை. அவன் லாரியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

இழக்க ஒன்றுமில்லாத மாமா வாசலுக்கு நடந்துபோய், லாரியைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"மாமா, மேலாளர் என்னத்தான கேப்பாரு?"

"கேக்கட்டும், மாப்ள. உன்கிட்டதான சாவி இருக்கு."