மஞ்சள் வைத்த பிசின்

எங்கள் ஆய்வகத்தில் யார் அழுதாலும் திட்டு எனக்குத்தான் விழும். என் ஆராய்ச்சி சின்ன வெங்காயத்தில். பெரம்பலூரில் பிறந்துவிட்டு வேறு எதைத் தொடுவது? அன்றைக்கும் அப்படித்தான். பக்கத்து மேஜையில் ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த அண்ணாதுரை சார் அவளை விட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"ஏம்மா சத்யா, அதைக் கொஞ்சம் மூடி வச்சு உரிக்கக் கூடாதா?"

வெங்காயம் பாவம், அன்றைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஜெயசுதாவின் ஜெல்லில் வைத்த செல்கள் மறுபடியும் செத்துப்போயிருந்தன.

ஜெயசுதாவுக்கு ஜெயங்கொண்டம் பக்கம். வீட்டுக்கு முந்திரிக் காடு உண்டு. முந்திரி மரத்தில் கசியும் பிசினைக் கரைத்து வடிகட்டி, ஜெலட்டினோடு சேர்த்து, இளநீர் வழுக்கை போல ஒரு ஹைட்ரோஜெல் செய்கிறாள். சதை போன இடத்தில் அதை வைத்தால், புதுச் சதை அதைப் பிடித்துக்கொண்டு வளர வேண்டும். வளர்ந்து முடித்ததும் ஜெல் தானாகக் கரைந்துவிட வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிறகு அவிழ்க்கிறார்களே, அந்த வேலைதான். சொல்வதற்கு ஒரு நிமிடம், செய்வதற்கு அவளுடைய இளமை.

ஏன் முந்திரிப் பிசின் என்று கேட்டால், சாரிடம் பெரிய பெரிய காரணமாகச் சொல்வாள். உண்மைக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் காலமெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். தோட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு வலது உள்ளங்கை வெந்து சுருங்கிவிட்டது. இரண்டு விரல்கள் முழுதாக நீளாது. கையைச் சுட்ட மரமே அதை ஆற்றியும் தர வேண்டும் என்று என் தோழிக்கு ஒரு வீம்பு.

முதல் தடவை அவளே காட்டுக்குப் போய்ச் சுரண்டி எடுத்து வந்த பிசினில் செல்கள் ஜோராக வளர்ந்தன. பிறகு வேலை மும்முரத்தில் அம்மாவைக் கொண்டுவந்து தரச் சொல்லிவிட்டாள். அதிலிருந்துதான் சனியன் பிடித்தது. வெயிலைச் சந்தேகப்பட்டாள், மழையைச் சந்தேகப்பட்டாள், மரத்தின் வயதைச் சந்தேகப்பட்டாள். பெற்றவளைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"இந்தத் தடவையும் செத்தா பிசினை விட்டுடும்மா," என்றார் சார். "கடல்பாசியில ஜெல் நல்லா வருது. அதுக்கு மாறிக்க."

ஜெயசுதா சரியென்று தலையை ஆட்டினாள். கடலுக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை கொளஞ்சியம்மாள் புதுப் பிசினோடு வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். எங்கள் கல்லூரிக்கு வருகிற வழியில்தான் சிறுவாச்சூர். திங்களும் வெள்ளியும் காளி கோயில் நடை திறந்திருக்கும். இந்த அம்மாள் வேறு கிழமையில் பிசின் கொண்டுவந்ததே இல்லை என்பது அப்போதும் எங்கள் மண்டையில் ஏறவில்லை.

"இந்தத் தடவ தப்பாது பாப்பா," என்று தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிசினே தேன் நிறம்தான் என்பதால், வழக்கத்தைவிட மஞ்சளாக இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயசுதா அதைக் கரைத்தாள். வடித்தாள். புளிப்பை முறிக்கக் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குடுவை முழுக்கச் சிவந்துபோனது.

"இரும்பு கலந்திருக்குமோ?" என்றாள் அவள்.

"மரப்பட்டையோட சாயம்," என்றார் சார். அதற்கு ஆதாரமாகக் கட்டுரை ஒன்றைத் தேடவும் ஆரம்பித்தார்.

நானும் என் பங்குக்கு யோசித்தேன். எங்கோ பார்த்த சிவப்பு. கடைசியில் என் அண்ணன் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது.

"சார், இது ஆரத்தி."

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் ஊரில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் தெரியும். வேதியியல் படித்த மூன்று பேர் அதைச் சுற்றி நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தோம்.

ஜெயசுதா வராந்தாவுக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம்.

"அம்மா, பிசின்ல மஞ்ச போட்டியா?"

"பின்ன? நம்ம காட்டுலேருந்து ஒரு நல்ல காரியத்துக்குப் போறத வெறுமனயா அனுப்புவாங்க? மொத தடவ ஒரு சிட்டிகதான் வச்சேன். நீ சரியா வரலன்னு சொன்ன. சரின்னு அடுத்த தடவ கொஞ்சம் கூட வச்சேன். அதுவும் வரலன்னு அழுத. ஆத்தாவுக்கு எதோ கொற வச்சுட்டம்னு, இன்னிக்கு அவ காலடியிலயே வச்சு எடுத்து, அங்க குடுத்த மஞ்சள மொத்தமா போட்டுப் பெரட்டிட்டேன்."

செல்கள் சாகச் சாக மஞ்சள் கூடியிருக்கிறது. மஞ்சள் கூடக் கூடச் செல்கள் செத்திருக்கின்றன. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நல்லவேளைம்மா, இன்னும் ரெண்டு தடவ தோத்திருந்தா ஜெல்லைச் சோத்துல ஊத்திச் சாப்பிட்டிருக்கலாம்."

கொளஞ்சியம்மாள் சிரிக்கவில்லை. முகம் சுண்டிவிட்டது. வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "அப்ப, நானாடி கெடுத்தேன்?"

"நீ கெடுக்கலம்மா. மஞ்ச நமக்கு நல்லதுதான். இதுங்க தட்டுல தனியாக் கெடக்குற பச்சப்புள்ளைங்க. அவ்வளவு மஞ்சளத் தாங்காது."

அன்றைக்கே நாங்கள் இருவரும் அவரோடு பஸ் ஏறிக் காட்டுக்குப் போனோம். ஜெயசுதா மரம் மரமாகப் பிசினைச் சுரண்ட, அந்த அம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட, "நான் எதையும் தொடமாட்டேன்மா, நீங்களே மோந்துக்குங்க," என்றார்.

அந்தப் பிசினில் செய்த ஜெல்லில் செல்களை வைத்துச் சில நாள் கழித்து அவரை வரவழைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள் ஜெயசுதா. உயிரோடு இருக்கிற செல்கள் பச்சையாக ஒளிரும்படி சாயம் ஏற்றியிருந்தாள்.

"நாத்தங்கால் மாரி இருக்கே!"

"எல்லாம் உசுரோட இருக்கும்மா."

"கடல்பாசி வேணாம்," என்றார் சார். "உன் பிசினே அடுத்த கட்டத்துக்குப் போகட்டும்."

கொளஞ்சியம்மாள் உடனே வலது கையை நீட்டினார். "போடு."

"இப்பவேயா? அதுக்கு இன்னும் ரொம்ப வருசம் ஆகும்மா. மொதல்ல எலிக்குப் போட்டுப் பாக்கணும்."

"எலிக்கா? நாங்க மருந்து வச்சு எலியக் கொல்றோம். நீங்க மருந்து போட்டுக் காப்பாத்துறீங்களா?"

"எலிக்கு ஆறுனாத்தாம்மா மனுசனுக்கு விடுவாங்க," என்றார் சார்.

அந்த அம்மாள் சற்று யோசித்தார். "அப்ப எலி நல்லாருக்கணும். வெள்ளிக்கெழம சிறுவாச்சூர்ல ஒரு அர்ச்சன பண்ணிடுறேன். பேரு, நட்சத்திரம் கேப்பாங்களே, எலிக்கு என்னன்னு சொல்ல?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஜெயசுதா சிரிக்கவில்லை. நீட்டிய கையைத் தன் கைக்குள் வைத்து, நீளாத அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் பேரச் சொல்லும்மா."

"என் பேருக்கா?" அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஒங்கப்பா பேருக்குப் பண்ணிருக்கேன். ஒன் பேருக்குப் பண்ணிருக்கேன். பிசினுக்குக்கூட வேண்டியாச்சு. என் பேருக்குப் பண்ணுனதே இல்லயேடி. நட்சத்திரங்கூடத் தெரியாது."

"பேரு மட்டும் போதும்மா."

அண்ணாதுரை சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி அதட்டினார்.

"சத்யா, அந்த வெங்காயத்தை மூடி வைம்மா."

அன்றைக்கு என் மேஜையில் வெங்காயமே இல்லை.